இரவில் எண்ணினால் ஐந்து வருகிறது

வாசகரின் கடிதம்

மதிப்புக்குரிய அம்மா,

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் 27 வருடங்களாகக் கணிதம் படிப்பித்து வரும் ஓர் ஆசிரியர். வயது 56. வீட்டில் நான், என் மனைவி, 17 வயது மகள், என் தாயார் என நால்வர் இருக்கிறோம். சொந்த வளவு, மீள்குடியேறிய பின்னர் கட்டிய கல்வீடு, இரண்டு ஏக்கர் வயல் இருக்கின்றன. கடன் இல்லை, எனக்குக் குடிப்பழக்கமும் இல்லை. வெளியிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு எங்கள் வீட்டில் குறையென்று எதுவும் தெரியாது. ஆனால் எந்த விடயத்தையும் அறிவால் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வர முடியாத வீடாக அது இருக்கிறது என்பதே என் மனக்குறை.

என் மனைவியை நான் குறை சொல்ல விரும்பவில்லை. நல்லவர், கடின உழைப்பாளி. ஆனால் எதையும் யோசித்து முடிவெடுக்க மாட்டார். மனத்துக்குப் பட்டதையே செய்வார். கிணறு வெட்டுவதற்கு, அனுபவமுள்ளவர்களைக் கேட்டு நான் ஓர் இடத்தைக் குறித்தபோது, "அந்த இடம் வேண்டாம், மனம் சொல்லுது" என்றார். மகளை மேல்வகுப்புக்கு எந்தப் பாடசாலைக்கு அனுப்புவது என்று நான் தூரம், பஸ் நேரம், பெறுபேறு எல்லாவற்றையும் ஒப்பிட்டு எழுதிக் காட்டியபோதும் "மனம் சொல்லுது" என்றுதான் பதில் வந்தது. காரணம் கேட்டால் காரணம் இருக்காது. காரணம் இல்லாத ஒன்றோடு நான் எப்படி விவாதிப்பது?

சிறிய விடயம் ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கு விளங்கும். நால்வர் உள்ள வீட்டுக்கு இரவுச் சோற்றுக்கு இரண்டு சுண்டு அரிசி போதும். அளந்து பார்த்துச் சொல்கிறேன். ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் அரைச் சுண்டு கூடப் போடுகிறார். மிச்சம் அடுத்த நாள் கோழிக்குப் போகிறது. ஒரு நாளைக்கு அரைச் சுண்டு என்றால் வருடத்துக்கு 182½ சுண்டு. இதை நான் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டியும் விட்டேன். அவர் அதை வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் அன்றும் இரண்டரைச் சுண்டுதான் போட்டார். உணர்ச்சியால் நடப்பவர்களுக்கு எண்களைக் காட்டிப் பயனில்லை என்பது அன்றே எனக்கு விளங்கிவிட்டது.

மகளும் தாயைப் போலவே வருகிறாள். சாதாரண தரத்தில் கணிதத்தில் ஏ சித்தி பெற்றவள், உயர்தரத்தில் கணிதப் பிரிவு வேண்டாம், நாடகமும் அரங்கியலும் தமிழும் புவியியலும் எடுக்கப்போகிறேன் என்கிறாள். தான் போகும் பாடசாலையில் பௌதிகவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை, தனக்குக் கணிதம் வந்தாலும் அதில் விருப்பம் இல்லை, நாடகப் பாடத்தில் தன்னுடைய ஆசிரியை தன்னைப் பற்றிச் சொன்னது இது என்றெல்லாம் அழுது அழுது சொல்கிறாள். அழுதுகொண்டு சொல்பவரிடம் என்ன பேசுவது? கண்ணைத் துடைத்துவிட்டு வா, பிறகு கதைப்போம் என்று அனுப்பிவிட்டேன். அவள் பிறகு வரவில்லை.

மாசி மாதம் வந்தால் வீட்டில் நிற்கவே முடியாது. மனைவி ஒருவரோடும் சரியாகக் கதைக்க மாட்டார். அடுப்படியில் நின்று கண்ணீர் விடுவார். ஒருநாள் படையல் வைப்பார். அழுவதால் எதுவும் மாறப்போவதில்லை என்று நான் பதினைந்து வருடங்களாக எடுத்துச் சொல்லி வருகிறேன்.

இந்த "மனம் சொல்லுது" என்பது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 2009 மாசியில், போரின் கடைசி மாதங்களில், நாங்கள் இரணைப்பாலையில் இருந்தபோது, அங்கேயே நிற்பதா, மாத்தளன் பக்கம் வெளிக்கிடுவதா என்ற கேள்வி வந்தது. நான் எறிகணை குத்தும் (ஏவப்படும்) சத்தத்துக்கும் விழுந்து வெடிக்கும் சத்தத்துக்கும் இடைப்பட்ட விநாடிகளை மூன்று நாட்கள் ஒரு கொப்பியில் குறித்து வந்தேன். மூத்தவனுக்கு அப்போது ஏழு வயது. பங்கருக்குள் என்னோடு சேர்ந்து அவனும் எண்ணுவான், கெட்டிக்காரன், என்னை விடவும் நிதானமாக எண்ணுவான். விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன. ஆகவே வெளிக்கிடுவதே சரியான முடிவாக இருந்தது. மனைவி மட்டும் "இங்கேயே இருப்பம், மனம் சொல்லுது" என்று நின்றார். நான் கணக்கின்படிதான் நடந்தேன். அந்தக் கணக்கில் எனக்கு இன்றுவரை பிழை தெரியவில்லை. அதற்குப் பிறகு நடந்தது அங்கிருந்த எல்லாருக்கும் நடந்ததுதான். ஒருமுறை மனம் சொன்னது பலித்துவிட்டது என்பதற்காக ஆயுள் முழுவதும் மனத்தின் சொல்லைக் கேட்டு நடக்க முடியுமா?

இடையில் ஒன்று. இது கடிதத்தின் விடயத்தோடு தொடர்புடையதல்ல. இரவில் கதவுகளைப் பூட்டிய பின்னர் வீட்டில் உள்ளவர்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் படுப்பது என் பழக்கம். போருக்குப் பின்னர் செட்டிக்குளம் அகதி முகாமில் தறப்பாளுக்குள் இருந்த காலத்தில் தொடங்கியது. கடந்த மூன்று மாதங்களாகச் சில இரவுகளில் ஐந்து என்று வருகிறது. மறுபடி எண்ணினால் நான்குதான். என் தகப்பனாருக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. கணித ஆசிரியர் ஒருவருக்கு நான்கு பேரை எண்ணுவதில் பிழை வருகிறது என்றால் வெளியில் சொல்ல முடியாது. வீட்டிலும் சொல்லவில்லை. வயதின் காரணமாக இருக்கலாம்.

விடயத்துக்கு வருகிறேன். அரிசியும் கிணறும் சிறிய விடயங்கள்தான் என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆனால் சிறியவற்றில் அறிவைப் பயன்படுத்தாதவர்கள் பெரியவற்றில் எப்படிப் பயன்படுத்துவார்கள்? மனித மனத்தில் சிந்தனை மேலானது, உணர்ச்சி அதற்குக் கீழ்ப்பட்டது என்பதை உளவியல் முறையில் விளக்கி நீங்கள் எழுதினால், நான் அதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவேன். உணர்ச்சிவசப்படாமல் முடிவெடுப்பதற்குப் பயிற்சிகள் இருந்தால் அவற்றையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியர்

ஆலோசகரின் பதில்

அன்புள்ள ஐயா,

வீட்டில் வாசித்துக் காட்டுவதற்கு ஒரு விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். அதை நான் எழுதப்போவதில்லை. கடிதத்தோடு தொடர்பில்லாதது என்று சொல்லி நீங்கள் சில வரிகளில் கடந்துபோன இடத்தில் நான் நின்றுவிட்டேன். கிணறு, அரிசி, மகளின் பாடம், மாசி மாதக் கண்ணீர் ஆகிய எல்லாம் அந்த இடத்தைச் சுற்றியே வருகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்கிறேன், ஏனெனில் மூன்று மாதங்களாக நீங்கள் அதைத் தனியே சுமக்கிறீர்கள். மறதி நோய் தொடங்குகிறவருக்கு இரவில் ஒரேயொரு எண்ணிக்கையில் மட்டும், அதுவும் எப்போதும் ஒன்று கூடுதலாக மட்டும் பிழை வருவது வழக்கமல்ல. அவருக்குப் பகலிலும் தடுமாற்றம் இருக்கும். தெரிந்த பாதை குழம்பும், சொன்னதையே திரும்பச் சொல்வார், வகுப்பில் பாதி செய்த கணக்கு நின்றுபோகும், இவற்றைப் பெரும்பாலும் அவருக்கு முன்னர் மற்றவர்களே கண்டுகொள்வார்கள். நீங்கள் எழுதிய நீண்ட கடிதத்தில் 182½ என்ற கணக்கு உட்பட எதுவும் பிழைக்கவில்லை. இருந்தாலும் மாவட்ட வைத்தியசாலைக்கு ஒருமுறை போய், நீரிழிவு, தைரொயிட், விற்றமின் பி12 ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளைச் செய்து, உங்கள் தகப்பனாரின் நோயைப் பற்றியும் வைத்தியரிடம் சொல்லுங்கள். கடிதத்தை வைத்து நோயில்லை என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த ஐந்து எங்கிருந்து வருகிறது என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

2009 மாசியில் உங்கள் வீட்டில் எத்தனை பேர்? நீங்கள், மனைவி, தாயார், ஒன்றரை வயது அளவில் இருந்திருக்கக்கூடிய மகள், ஏழு வயது மூத்தவன். ஐந்து பேர். அவன் எப்போது, எப்படி இல்லாமல் போனான் என்று கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. முதற்பந்தியில் "நால்வர்" என்று எழுதியிருந்ததிலிருந்து கழித்துப் பார்த்துத்தான் நான் அதை அறிந்தேன். 27 வருடம் பிள்ளைகளுக்குக் கழித்தல் படிப்பித்த ஒருவர், தன் வீட்டில் நடந்த கழித்தலை இன்னொருவரைக் கொண்டு செய்விக்கிறார்.

ஐந்து என்று வருகிற இரவுகளில் உங்கள் மனம் பிழைவிடவில்லை. அது பழைய கணக்கை இன்னும் மூடவில்லை, அவ்வளவுதான்.

இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்வது பைத்தியத்தின் அறிகுறியல்ல. 1971 இல் டேவி ரீஸ் என்ற வைத்தியர், வேல்ஸ் நாட்டின் கிராமப்புறத்தில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைச் சந்தித்துக் கேட்டதை வெளியிட்டார். அவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு இத்தகைய அனுபவம் ஏதோ ஒரு வகையில் இருந்தது. பலர் இறந்தவர் தம்மோடு இருப்பதாக உணர்ந்திருந்தார்கள். சிலர் குரலைக் கேட்டிருந்தார்கள், சிலர் உருவத்தைக் கண்டிருந்தார்கள். சாதாரண மனிதர்கள் அவர்கள். அவர்களில் பெரும்பாலானோர் ரீஸ் கேட்கும்வரை அதை வேறு யாரிடமும் சொல்லியிருக்கவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். வெளியில் சொல்ல முடியாது என்று நீங்கள் எழுதிய வரியை அவர்களும் எழுதியிருப்பார்கள்.

ஆனால் உங்களிடம் அது குரலாகவோ உருவமாகவோ வரவில்லை, எண்ணாக வருகிறது. ஏன் எண்ணாக? இரணைப்பாலையில், பங்கருக்குள், குத்துச் சத்தம் கேட்ட கணத்திலிருந்து நீங்களும் அவனும் ஒன்றாக எண்ணினீர்கள். ஒரு தகப்பனும் மகனும் பட்டம் கட்டலாம், குளத்துக்குப் போய் மீன் பிடிக்கலாம், சைக்கிள் பழகலாம். அந்த மாதம் உங்களுக்கு அவை எதுவும் வாய்க்கவில்லை. எண்ணுவது ஒன்றே வாய்த்தது. உயிர் போகும் பயத்தின் நடுவில் ஒரு பிள்ளையின் மனத்தை நீங்கள் எண்களைக் கொண்டு பிடித்து வைத்திருந்தீர்கள். அவனை விடவும் நிதானமாக எண்ணத் தெரியாத தகப்பனாக நீங்கள் உங்களை எழுதியிருக்கும் அந்த அரை வரியில் இருக்கும் அன்பும் பெருமையும் கடிதத்தின் வேறெந்தப் பந்தியிலும் இல்லை. அவனோடு செய்த அந்த வேலையை நீங்கள் இன்னும் ஒவ்வோர் இரவும் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

தமிழில் எண்ணுதல் என்ற சொல்லுக்கு எண்ணிக்கை பார்ப்பது என்றும் பொருள், சிந்திப்பது என்றும் பொருள். "உன்னை எண்ணிக்கொண்டே இருந்தேன்" என்று ஒரு தாய் சொன்னால் அதில் ஏக்கமும் சேர்ந்துவிடும். நினைத்தல் என்றால் யோசிப்பதும் மறவாதிருப்பதும். உணர்தல் என்பதைப் பழைய நூல்கள் அறிந்துகொள்ளுதல் என்ற பொருளிலேயே பெரிதும் ஆள்கின்றன. மனக்கணக்கு, மனப்பாடம், மனவருத்தம் ஆகிய மூன்றுக்கும் நாம் மனம் என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். சிந்தனைக்கு ஓர் அறை, உணர்ச்சிக்கு ஓர் அறை என்று மனத்தைத் தடுத்துப் பார்ப்பது நம் மொழிக்குப் பழக்கமில்லாத காரியம். கடிதத்தின் முதற்பந்தியில், அறிவைப் பற்றிய உங்கள் முறைப்பாட்டையே "மனக்குறை" என்றுதான் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உணர்ச்சிகளை எட்டாக வகுக்கிறது. அழுகை பிறக்கும் இடங்களில் ஒன்றாக இழவைச் சொல்கிறது. அதே எட்டில் பெருமிதமும் இருக்கிறது. அது பிறக்கும் இடங்களில் முதலாவதாகச் சொல்லப்படுவது கல்வி. கற்ற ஒருவர் தம் கல்வியால் நிமிர்ந்து நிற்பதும், இழந்த ஒருவர் தம் இழப்பால் அழுவதும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. ஆகவே உங்கள் வீட்டில் மூவர் உணர்ச்சியாலும் ஒருவர் அறிவாலும் நடக்கிறார்கள் என்ற படத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பெருமிதமும் வெகுளியும் அச்சமும் உங்கள் கடிதத்தில் நிறையவே இருக்கின்றன. அழுகைக்கு மட்டும் நீங்கள் இடம் கொடுக்கவில்லை. அந்த வேலையை வீட்டில் உள்ள பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு, பிறகு அதற்காக அவர்களைக் குறை சொல்கிறீர்கள். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்.

உணர்ச்சி இல்லாத சிந்தனை மேலானதா என்று கேட்டிருந்தீர்கள். மூளை நோய்களைப் பற்றிய ஆய்வுகளில் அதற்கு ஒரு பதில் உண்டு. அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய அன்டோனியோ டமாசியோ என்ற நரம்பியல் வைத்தியர், தம்மிடம் வந்த ஒருவரைப் பற்றி 1994 இல் எழுதினார். நெற்றிக்குப் பின்னால் இருந்த ஒரு கட்டியை அகற்றியபோது அந்த மனிதருடைய மூளையின் முன்பகுதியில் ஒரு பகுதி சிதைந்திருந்தது. நினைவாற்றல், மொழி, கணக்கு, நுண்ணறிவுச் சோதனைப் புள்ளிகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. தன் வாழ்வின் அவலத்தை வேறொருவருடைய கதையைப் போல அமைதியாகச் சொன்னார், கண் கலங்கவில்லை. உணர்ச்சிவசப்படாத மனிதர் என்று நீங்கள் விரும்பக்கூடியவர் அவர். ஆனால் அவரால் எதையும் ஒழுங்காக முடிவெடுக்க முடியவில்லை. அலுவலகத்தில் கடதாசிகளை எந்த முறையில் அடுக்குவது என்ற கேள்வியிலேயே நாள் முழுவதும் போய்விடும். வேலை போயிற்று, சேமிப்புப் போயிற்று, குடும்பமும் பிரிந்தது. அதே வகைப் பாதிப்புள்ள இன்னொருவர், அடுத்த சந்திப்புக்கு இரண்டு திகதிகளில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னபோது, இரண்டுக்கும் உரிய சாதக பாதகங்களை ஏறக்குறைய அரை மணித்தியாலம் அடுக்கிக்கொண்டிருந்தாராம். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று நிறுத்துக் காட்டுவது உணர்ச்சி. அந்தத் தராசு உடைந்தால் எத்தனை காரணங்கள் இருந்தும் ஒன்றும் கனக்காது.

இதனால் மனம் சொல்வதெல்லாம் சரி என்றும் ஆகாது. இங்கேதான் உங்களுடைய அந்தப் பழைய முடிவுக்கு நான் வர வேண்டியிருக்கிறது. ஒருமுறை மனம் சொன்னது பலித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவியின் மனம் சொன்னது சரி, உங்கள் கணக்குப் பிழை, அதனால்தான் பிள்ளை போனான் என்ற ஒரு வாக்கியம் உங்களுக்குள் இத்தனை வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அதை மறுப்பதற்காகவே கிணற்றிலும் அரிசியிலும் மகளின் பாடத்திலும் ஒவ்வொரு நாளும் அறிவு வெல்ல வேண்டியிருக்கிறது. சோற்றுப்பானையில் நீங்கள் தோற்றால் இரணைப்பாலையிலும் தோற்றவர் ஆகிவிடுவீர்கள் என்ற பயம் அது.

ஐயா, அந்த நாட்களில் பயந்த மனம் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். போக வேண்டாம் என்று சொல்லி நின்று தப்பியவர்களும் உண்டு, நின்று மாண்டவர்களும் உண்டு. வெளிக்கிட்டுத் தப்பியவர்களும் உண்டு, வெளிக்கிட்டு மாண்டவர்களும் உண்டு. மனம் சொல்லிப் பலிக்காமல் போன நாட்களை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. பலித்த ஒரு நாள் மட்டும் கல்லில் வெட்டியதைப் போல நிற்கும். அதேபோல, நீங்கள் குறித்த விநாடிகள் முந்திய மூன்று நாட்களைப் பற்றிய உண்மையைச் சொன்னன. நாளைக்கு எது எங்கே விழும் என்பதைச் சொல்லும் தரவு உங்கள் கொப்பியிலும் இருக்கவில்லை, உங்கள் மனைவியின் நெஞ்சிலும் இருக்கவில்லை. விடை இல்லாத ஒரு கணக்கைக் கையில் கொடுத்துவிட்டு அதற்குப் புள்ளி போடுவது நியாயமா? உங்கள் மாணவன் ஒருவனுக்கு அதை நீங்கள் செய்வீர்களா?

குற்றஉணர்வு உங்கள் மகன் உங்களுக்கு எவ்வளவு பெரியவன் என்பதை உண்மையாகச் சொல்கிறது. நீங்கள்தான் காரணம் என்று அது சேர்த்துச் சொல்லும் இரண்டாவது வாக்கியம் பொய். முதலாவதைக் கேட்டு, இரண்டாவதை மறுப்பதற்குத்தான் உங்களுக்கு அறிவு வேண்டும். இத்தனை வருடங்களாக உங்கள் அறிவை நீங்கள் வேறிடத்தில், அரிசிச் சுண்டில் செலவழித்துவிட்டீர்கள்.

அந்த அரிசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நால்வருக்கு இரண்டு சுண்டு என்றால் ஒருவருக்கு அரைச் சுண்டு. கூடுதலாகப் போவதும் அரைச் சுண்டு. வருடத்துக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்த நீங்கள், ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவில்லை. உங்கள் மனைவி யாருக்கு அளக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. கை பழகிய அளவாக இருக்கலாம், இரவில் யாராவது வந்தால் என்ற வன்னிக் குடும்பங்களின் பழைய வழக்கமாக இருக்கலாம். அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். ஆனால் இரவில் எண்ணிக்கை ஐந்து வருகிற ஒருவரும் அடுப்படியில் ஐந்து பேருக்கு அரிசி போடுகிற ஒருவரும் ஒரே வீட்டில், ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருக்கிறார்கள் என்றால், அவர்களை அறிவாளி என்றும் உணர்ச்சிவசப்பட்டவர் என்றும் பிரிக்க என் மனம் ஒப்பவில்லை. சுவரில் ஒட்டிய அந்தக் கடதாசியைத் தயவுசெய்து நீங்களே எடுத்துவிடுங்கள்.

மாசி மாதத்தில் அவர் தனியே வைக்கும் படையலைப் பற்றியும் யோசித்தேன். எங்கள் ஊர்களில் ஒருவர் இறந்தால் செத்தவீடு, ஒப்பாரி, எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று ஒரு மாதம் முழுவதும் வேலை இருக்கும். அழுவதற்கு ஆட்கள் வருவார்கள். யாருக்குச் சொல்வது, எத்தனை பேருக்குச் சமைப்பது, எந்த நாளில் என்ன செய்வது என்று கணக்குப் பார்க்கவும் ஆட்கள் இருப்பார்கள். ஒப்பாரி சொல்லும் பெண், இறந்தவருடைய வாழ்வை வரிசையாக நினைத்து, அடி பிடித்து, சொல் தேடித்தான் அழுகிறார். துக்கத்தையும் யோசனையையும் ஒன்றாகக் கட்டி வைக்கும் ஏற்பாடு அது. 2009 இல் அந்த மணலில் அதற்கெல்லாம் நேரமும் இருக்கவில்லை, இடமும் இருக்கவில்லை. அவசரமாக மூடிவிட்டு அடுத்த பங்கருக்கு ஓட வேண்டியிருந்த குடும்பங்களில், அழுகை ஒருவரிடமும் கணக்கு இன்னொருவரிடமும் பிரிந்து தங்கிவிட்டது. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், வன்னியின் பேரிழப்பைத் தனியொருவரின் நோயாக மட்டும் பார்க்க முடியாது, குடும்பத்துக்கும் ஊருக்கும் ஏற்பட்ட கூட்டு மனவடுவாகப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். உங்கள் வீட்டில் அந்த வடு, இரண்டரைச் சுண்டாகவும் ஐந்து என்ற எண்ணாகவும் மகளின் அறைக்கதவாகவும் தெரிகிறது.

மகளின் விடயத்தில் நான் அவளுடைய பக்கம். மூன்று நியாயங்களை அவள் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள்: ஆசிரியர் இல்லாமை, விருப்பமின்மை, தன் திறமையைப் பற்றி அறிந்த ஒருவரின் மதிப்பீடு. மூன்றையும் நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். கண்ணீரோடு வந்ததால் அவை நியாயம் இல்லை என்று ஆகிவிட்டன. ஈரமான கொப்பியில் எழுதிய விடையும் விடைதான். அவளைக் கூப்பிட்டு, நடுவில் பேசாமல், முழுவதையும் ஒருமுறை கேளுங்கள். அதற்குப் பிறகும் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லலாம்.

பயிற்சிகள் கேட்டிருந்தீர்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன். அடுத்த முறை ஐந்து என்று வரும் இரவில் மறுபடி எண்ணித் திருத்தாதீர்கள். விளக்கை அணைக்காமல், மனைவியை எழுப்பி அல்லது அவர் விழித்திருந்தால் அருகில் உட்கார்ந்து, "எனக்கு இன்றைக்கு ஐந்து வந்தது" என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் சேர்க்க வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். அவர் அழுவார். அழுவதால் எதுவும் மாறாது என்று அன்றைக்குச் சொல்ல வேண்டாம். நீங்களும் அழ நேர்ந்தால் அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். உங்கள் கணிதம் எங்கும் போய்விடாது. சில வாரங்களுக்குப் பிறகும் நித்திரை கெட்டு, நெஞ்சு இறுகி, வேலையில் மனம் செல்லாமல் இருந்தால், வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு இருவருமாகப் போங்கள். வரப்போகும் மாசியில் படையல் வைக்கும் நாளில் பாடசாலைக்கு விடுப்பு எடுத்து, அவர் அரிசி அளக்கும்போது சுண்டை நீங்கள் பிடியுங்கள்.

பிறகு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். இந்தக் கடிதத்தில் கிணற்றுக்கும் பஸ் நேரத்துக்கும் கோழிக்கும் இடம் இருந்தது. உங்கள் மகனுக்கு "மூத்தவன்" என்ற ஒரு சொல் மட்டும் கிடைத்தது. அடுத்த கடிதத்தில் அவனுடைய பெயரை எழுதி அனுப்புங்கள். நான் அதை வெளியிட மாட்டேன்.